நவம்பர் மேசையின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக நியூஜெர்சியில் வசிக்கிறோம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்ற வாரம் பள்ளியிலிருந்து ஓர் ஓவியம் வரைந்து கொண்டுவந்தாள். கறுப்புத் தொப்பி அணிந்த ஆங்கிலேயக் குடியேறிகளும் தலைநிறைய இறகு சூடிய பழங்குடியினரும் ஒரே மேசையில் அமர்ந்து வான்கோழி உண்ணும் காட்சி. தேங்க்ஸ்கிவிங் என்றால் என்னவென்று அவள் கேட்டபோது, "இது இவர்களுடைய பொங்கல்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே ஐயம் வந்தது. இந்த விருந்து உண்மையிலேயே அறுவடையில் தொடங்கியதா? அன்று என்ன உண்டார்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். நாங்கள் சைவ உணவினர்; இவ்வாண்டு அண்டை வீட்டார் இரு குடும்பத்தினரை விருந்துக்கு அழைத்திருக்கிறோம். வான்கோழி இல்லாத மேசை அவர்களுக்குக் குறையாகத் தோன்றுமோ என்று என் மனைவி தயங்குகிறார்.

கண்ணன்

அன்புள்ள கண்ணன்,

நீங்கள் மகளுக்குச் சொன்ன விடை பாதி சரி. பொங்கல் சூரியனின் நகர்வோடு பிணைந்த நாள். புது நெல் வீட்டுக்கு வந்ததும் அதைப் பொங்கிப் படைக்கிறோம். தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் நான்காம் வியாழனன்று வருகிறது. அது பிறந்ததாகச் சொல்லப்படும் மாசசூசெட்ஸில் அப்போது நிலம் உறைபனி கண்டிருக்கும், மக்காச்சோளம் அறுத்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும். பாஸ்டனுக்கு அருகே ஒரு நவம்பரைக் கழித்தபோது, விருந்துக்குச் செல்லும் வழியில் வெறும் தட்டைகள் நின்ற வயல்களைப் பார்த்து, இவர்கள் எந்த அறுவடைக்கு நன்றி சொல்கிறார்கள் என்று நானும் வியந்ததுண்டு. இந்த நாள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையைவிட வயதில் மிகவும் இளையது. மேசையில் இருக்கும் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனி வயது உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

கதையின் அடிப்படைச் சான்று வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. 1620இல் அந்த ஆங்கிலேயக் குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த எட்வர்டு வின்ஸ்லோ என்பவர் 1621 டிசம்பர் 11ஆம் நாளிட்டு இங்கிலாந்திலுள்ள நண்பருக்கு எழுதிய மடலில் உள்ள சில வரிகள்தான் அது. அறுவடை முடிந்ததும் ஆளுநர் நான்கு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார். ஒரே நாளில் அவர்கள் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் போதுமான பறவைகளைக் கொண்டுவந்தார்கள். அப்பகுதிப் பழங்குடியினரான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட் ஏறத்தாழத் தொண்ணூறு ஆட்களுடன் வந்தார். மூன்று நாட்கள் விருந்து நடந்தது. வந்தவர்கள் காட்டுக்குள் சென்று ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். செய்தி இவ்வளவே. நன்றி நவிலும் நாள் என்ற சொல் அந்த வரிகளில் இல்லை. மாசசோயிட்டை அழைத்ததாகவும் அதில் இல்லை. அவர்கள் நம்மிடையே வந்தார்கள் என்றுதான் வின்ஸ்லோ எழுதுகிறார்.

அந்தக் குடியேறிகள் நன்றி நவிலல் என்று எதைக் கருதினார்கள் என்பதைக் கவனித்தால் குழப்பம் தீரும். கிறிஸ்துமஸ் உள்ளிட்ட பண்டிகைகளை ஆதாரமற்றவை என்று ஒதுக்கிவிட்ட சமயப் பிரிவினர் அவர்கள். பஞ்சமோ போரோ நேர்ந்தால் உண்ணாநோன்பு நாள், இடர் நீங்கினால் நன்றி நாள் என இரண்டையும் தேவைக்கேற்ப அறிவித்துக்கொள்வார்கள். நன்றி நாள் என்பது பெரும்பாலும் ஆலயத்தில் அமர்ந்து மன்றாடும் நாள். மாசசூசெட்ஸ் கடலோரத்தில் தாங்கள் அமைத்த பிளிமத் குடியிருப்பில் அவர்கள் அப்படி ஒரு நாளை 1623இல் கடைப்பிடித்தார்கள். நீண்ட வறட்சிக்குப் பிறகு மழை பெய்ததற்காக. 1621இல் நடந்தது இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் வழக்கமாக இருந்த அறுவடைக் கொண்டாட்டம். உணவும் விளையாட்டும் துப்பாக்கிப் பயிற்சியும் நிறைந்தது. இவ்விரண்டும் பின்னாளில் ஒன்றாகப் பின்னப்பட்டன.

அந்த அறுவடை எங்கிருந்து வந்தது என்பது விருந்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. கப்பலில் வந்த 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். அதற்குச் சற்று முன், 1620 நவம்பரில், கேப் காட் பகுதியில் அலைந்து திரிந்தபோது, அங்கிருந்த மக்கள் மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்த மக்காச்சோளத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். நம் குதிர், சேர் போல அது அவர்களுடைய சேமிப்பு முறை. அந்தத் தானியம்தான் அடுத்த வசந்தத்தில் விதையானது. விதைத்த நிலமும் புதிதாகத் திருத்திய காடன்று. பட்டூக்செட் என்ற ஊர் இருந்த இடம் அது. 1616க்கும் 1619க்கும் இடையே ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் ஊரே அழிந்து, உழுத நிலம் மட்டும் எஞ்சியிருந்தது. அவ்வூரைச் சேர்ந்த டிஸ்குவாண்டம் 1614இல் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்பனைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். இங்கிலாந்து வழியாக 1619இல் திரும்பி வந்தபோது அவரை வரவேற்க ஒருவரும் உயிரோடு இல்லை. மீனை உரமாக இட்டு மக்காச்சோளம் நடும் முறையை அவர்தான் குடியேறிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவ்வாண்டு மக்காச்சோளம் நன்றாக விளைந்தது, பார்லி சுமார், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விதைத்த பட்டாணி பறிக்கும் தகுதிகூட இல்லாமல் கருகியது என்று வின்ஸ்லோவே எழுதியிருக்கிறார்.

ஆகவே 1621 விருந்தில் உறுதியாக இருந்தவை மான் இறைச்சியும் பறவை இறைச்சியும். மக்காச்சோளம் இடித்துக் காய்ச்சிய கூழாகவோ தடித்த ரொட்டியாகவோ இருந்திருக்கும். வாம்பனோவாக் மக்களின் 'நாசாம்ப்' என்னும் கூழ் நம் சோளக்கூழுக்கு ஒன்றுவிட்ட உறவு. கடலோரம் என்பதால் விலாங்கு மீனும் சிப்பியும் இருந்திருக்கலாம். காட்டு வான்கோழிகளை அந்த இலையுதிர்காலத்தில் நிறையப் பிடித்தோம் என்று அன்றைய ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு பின்னாளில் எழுதியிருக்கிறார்; ஆனால் அந்த மூன்று நாள் விருந்துக்கு வந்தவை வாத்தும் காட்டுக் கூஸும் வான்கோழியும் கலந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பரங்கிக்காய் விளைந்தது, ஆனால் இன்று அதை மாவுக் கூட்டுக்குள் நிரப்பிச் சுடும் இனிப்புப் 'பை' அன்று இல்லை. கோதுமை மாவு இல்லை. கறவை மாடுகள் வந்து இறங்கியதே 1624இல்தான். பாலும் வெண்ணெயும் இல்லாமல் அந்தப் பண்டம் எங்கிருந்து வரும்? உருளைக்கிழங்கும் இல்லை. குளிர்காலத்தைத் தாண்டி உயிரோடிருந்த மணமான பெண்கள் நால்வர் மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். சிறுமிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏறத்தாழ நூற்று நாற்பது பேருக்கு மூன்று நாட்கள் அடுப்பெரித்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஓவியங்களில் அவர்கள் எப்போதும் தட்டை ஏந்தியபடி ஓரமாக நிற்கிறார்கள்.

வான்கோழியைப் பற்றி ஒரு சிறு விலகல். மெக்சிகோவில் பழக்கப்படுத்தப்பட்ட இப்பறவையை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார்கள். அது எந்த நாட்டுப் பறவை என்பதில் எல்லோருக்கும் குழப்பம். ஆங்கிலேயர்கள் 'டர்க்கி' என்று அதைத் துருக்கியோடு சேர்த்தார்கள். துருக்கியர்கள் 'ஹிந்தி' என்றார்கள். பிரெஞ்சுச் சொல்லும் இந்தியாவைச் சுட்டுகிறது. போர்ச்சுக்கீசியர்கள் 'பெரு' என்றார்கள். டச்சுக்காரர்கள் 'கல்கூன்' என்கிறார்கள், கள்ளிக்கோட்டைக் கோழி என்று பொருள். கோழிக்கோடு என்ற அவ்வூரின் பெயருக்குள்ளேயே கோழி உட்கார்ந்திருப்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

1621 விருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் யாருடைய நினைவிலும் இல்லை. 1841இல் பாஸ்டனைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சாண்டர் யங் பழைய குடியேறிகளின் எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்டபோது, வின்ஸ்லோவின் வரிகளுக்குக் கீழே இதுவே முதல் நன்றி நவிலல் என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினார். ஒரு நாட்டின் தோற்றக் கதை அடிக்குறிப்பிலிருந்து கிளைத்த வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பண்டிகை அதற்கு முன்பே, மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்தில் இருந்தது. ஒவ்வொரு மாநில ஆளுநரும் இலையுதிர்காலத்தில் ஒரு நாளை அறிவிப்பார்; மகன்களும் மகள்களும் ஊர் திரும்புவார்கள்; பிரார்த்தனைக்குப் பின் விருந்து. முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1789 நவம்பர் 26ஆம் நாளை அறிவித்தார். பின்னர் அப்பதவிக்கு வந்த ஜெஃபர்சன் அப்படி அறிவிக்க மறுத்தார்.

இதை நாடு முழுவதற்கும் உரிய நாளாக்கியவர் சாரா ஜோசஃபா ஹேல். ஐந்து குழந்தைகளோடு இளம் வயதில் கைம்பெண்ணாகி, எழுதிப் பிழைத்தவர். நம் பிள்ளைகள் பாலர் பள்ளியில் பாடும் மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டை எழுதியவரும் இவரே. 1827இல் வெளியான 'நார்த்வுட்' என்ற தம் நாவலில் ஒரு நன்றி நவிலல் விருந்தை விரிவாக வருணித்தார். மேசையின் தலைமாட்டில் வறுத்த வான்கோழி, கூடவே கோழிப் 'பை', பரங்கிக்காய்ப் 'பை'. இன்றைய மேசையின் வரைபடம் அங்கேதான் இருக்கிறது. பின்னர் புகழ்பெற்ற பெண்கள் இதழ் ஒன்றின் ஆசிரியராகி, ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினார். 1863 செப்டம்பர் 28 அன்று லிங்கனுக்கு எழுதிய கடிதம் பலித்தது. அக்டோபர் 3ஆம் நாள் லிங்கன் வெளியிட்ட அறிவிப்பு நவம்பரின் கடைசி வியாழனைக் குறித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்த நேரம். அறிவிப்பில் கைம்பெண்களும் அனாதைகளும் உள்நாட்டுப் போரும் இடம்பெறுகிறார்கள். குடியேறிகள் இல்லை, மாசசோயிட் இல்லை, பிளிமத் இல்லை. பிளவுண்ட நாட்டை ஒரே நாளில் ஒரே மேசையில் உட்கார வைப்பதே அதன் நோக்கம் என்று நான் வாசிக்கிறேன். கடைசி வியாழன் நான்காம் வியாழனாக மாறியது கடைக்காரர்களின் பொருட்டு. 1939இல் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நாளை முன்னே தள்ள, மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வியாழன்களில் விருந்துண்டன. 1941 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டமியற்றித்தான் சண்டையை முடித்தது.

மற்றப் பண்டங்களின் வயதையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கிரான்பெர்ரி அம்மண்ணின் சதுப்பில் தானே விளைவது, புளிப்பில் நம் களாக்காய்க்கு நிகர். சர்க்கரை சேர்ந்த பிறகே தொடுகறியாயிற்று, 1912இல் தகரக் குவளைக்குள் புகுந்தது. உருளைக்கிழங்கை 1719இல் நியூ ஹாம்ப்ஷயரில் குடியேறிய ஸ்காட்டிஷ் ஐரிஷ் மக்கள் பயிரிட்டார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் பஞ்சு போன்ற மிட்டாயான மார்ஷ்மெல்லோவைப் பரப்பிச் சுடும் வழக்கம் 1917இல் ஒரு மார்ஷ்மெல்லோ நிறுவனம் அச்சிட்ட சமையல் குறிப்பேட்டிலிருந்து வந்தது. பீன்ஸும் காளான் சூப்பும் வறுத்த வெங்காயமும் கலந்த பண்டம் 1955இல் உங்கள் மாநிலத்துக் காம்டனில், கேம்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்க்கஸ் ரெய்லி என்ற பெண்மணி உருவாக்கியது. அதையும் பாரம்பரியம் என்றே அண்டை வீட்டார் சொல்வார்கள். மறுக்க வேண்டாம், எழுபது ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்குப் போதுமான தொன்மைதான்.

உங்கள் மகளின் ஓவியத்தில் இரண்டு திருத்தங்கள் செய்யலாம். வாம்பனோவாக் மக்கள் அப்படி இறகுக் கிரீடம் அணிந்தவர்கள் அல்லர். அது மேற்குச் சமவெளிப் பழங்குடியினருடையது. விருந்தினர் எண்ணிக்கை விருந்தளித்தவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. வளர்ந்த பிறகு அவள் மீதியை அறிந்துகொள்ளட்டும். மாசசோயிட்டின் மகன் மெட்டகாமைக் குடியேறிகளின் படையினர் 1676இல் கொன்று, தலையை அதே பிளிமத்தில் கழுமரத்தில் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 1970இல், கப்பல் வந்த 350ஆம் ஆண்டு விழாவில் பேச அழைக்கப்பட்ட வாம்பனோவாக் தலைவர் வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ், எழுதிக் கொடுத்த உரை ஏற்கப்படாததால், மாசசோயிட் சிலையருகே தம் மக்களோடு கூடினார். அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் இதே வியாழனன்று அங்கே தேசிய துக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது.

இனி உங்கள் மனைவியின் தயக்கத்துக்கு வருகிறேன். மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி ஆகிய மூன்றையும் பழங்குடியினர் ஒரே குழியில் நடுவார்கள். சோளத்தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும், பீன்ஸ் மண்ணுக்கு உரமூட்டும், பரங்கியிலை நிலத்தை மூடிக் களையை அடக்கும். மூன்று சகோதரிகள் என்று இன்றும் அவற்றைச் சொல்கிறார்கள். அந்த மேசையில் மிகப் பழையவை இவையே, மூன்றும் சைவம். நம் பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும்கூட அக்கண்டத்திலிருந்து கடல்கடந்து வந்தவை. பறங்கியரோடு வந்ததைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, இரண்டையும் பொங்கலன்று குழம்பில் போடுகிறோம். ஆகவே பரங்கிக்காய்க் கூட்டைக் கூச்சமில்லாமல் வையுங்கள். மக்காச்சோள முத்துக்களையும் பீன்ஸ் விதைகளையும் சேர்த்து வேகவைப்பது 'சக்கடாஷ்', நியூ இங்கிலாந்தின் பழைய பண்டம். பெயரும் அம்மக்களின் மொழியிலிருந்து வந்தது. பீன்ஸுக்குப் பதில் மொச்சை போட்டாலும் யாரும் வழக்குத் தொடுக்க மாட்டார்கள். கிரான்பெர்ரியை வெல்லமும் வற்றல் மிளகாயும் சேர்த்துப் பச்சடியாக்கலாம். வேகும்போது பழங்கள் ஒவ்வொன்றாக வெடித்துத் தெறிக்கும். பாத்திரத்தை மூடி வைத்துவிடுங்கள்.