கன அளவு கேள்வி பதில்: கிணறு, ஜல்லி, புளியமரம்

கிருஷ்ணகிரி பக்கம் கட்டட மேற்பார்வை வேலை பார்க்கிறேன். கிணறு, தொட்டி, குவியல், மரம் என எதன் கன அளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

காவேரிப்பட்டணம்: வட்டக் கிணறுங்கண்ணா, குறுக்கே 30 அடி. தண்ணி 20 அடி நிக்குது. எத்தனை லிட்டர் இருக்கும்?

30 அடி என்பது விட்டம். முதலில் அதைப் பாதியாக்குங்கள்: ஆரம் 15. 15 × 15 × 3.1416 × 20 = 14,137 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 4 லட்சம் லிட்டர். பாதியாக்க மறந்தால் 16 லட்சம் வரும். நம்ம பக்கக் கிணறுகளில் கீழே பாறை கோணலாக இருக்கும். அதனால் தண்ணீர் மட்டத்தில் இரண்டு திசையில் டேப் பிடித்து சராசரி எடுங்கள்.

ஊத்தங்கரை: ரவுண்டு சிமெண்ட் தொட்டி, 4 அடி அகலம், 5 அடி உயரம். எத்தனை லிட்டர் பிடிக்கும்?

4 அடி வெளியளவா, உள்ளளவா? வெளியளவு என்றால் சுவர் 2 அங்குலம் வீதம் இரண்டு பக்கமும் கழியுங்கள். உள் விட்டம் 3 அடி 8 அங்குலம், கொள்ளளவு சுமார் 1,495 லிட்டர். வெளியளவிலேயே கணக்குப் போட்டால் 1,780 வரும்.

பர்கூர்: 3 யூனிட் ஜல்லின்னு கொட்டிட்டுப் போனாங்க சார். குவியலைச் சுத்தி 44 அடி, உச்சி 4 அடி. சரியா இருக்கா?

உச்சி கூராக இருந்தால் அது கூம்பு. 44-ஐ 6.28-ஆல் வகுத்தால் ஆரம் 7. அடிப்பரப்பு 154, உயரம் 4, அதில் மூன்றில் ஒன்று: 205 கன அடி. யூனிட் என்பது 100 கன அடி, ஆக உங்களிடம் இருப்பது 2 யூனிட்தான். அடுத்த முறை கொட்டுவதற்கு முன்னாலேயே டிப்பர் பெட்டியில் நீளம், அகலம், உயரம் அளந்துவிடுங்கள்.

பாலக்கோடு, 10ஆம் வகுப்பு: கூம்புக்கு ஏன் சார் மூணுல ஒரு பங்கு?

நல்ல கேள்வி, பாப்பா. ஒரே அடி, ஒரே உயரத்தில் அட்டையில் ஒரு கூம்பும் ஒரு உருளையும் செய். கூம்பால் மூன்று முறை அரிசி அள்ளிக் கொட்டினால் உருளை நிறையும். இதை முதலில் சொன்னவர் பழங்கால கிரேக்க அறிஞர் டெமாக்ரிடஸ், நிரூபித்தவர் கிரேக்கக் கணித மேதை யூடாக்சஸ் என்று ஆர்க்கிமிடீஸ் எழுதியிருக்கிறார். இதைவிட அழகு ஒன்று உண்டு: ஆரமும் உயரமும் சமமானால் கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றும் 1 : 2 : 3. எழுதிப் பார், π அடிபட்டுப் போகும்.

பென்னாகரம்: கிணத்துக்கு எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம்?

மோட்டார் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

மத்தூர்: படுக்க வச்ச 200 லிட்டர் டிரம்ல கால் உயரத்துக்கு டீசல் இருக்கு. 50 லிட்டர்தானே?

இல்லை, 39 லிட்டர்தான். வட்டத்தின் அடிப்பக்கம் குறுகல். நிற்க வைத்திருந்தால் 50 சரி.

அரூர்: புளியமரம் வித்தேன். சுத்தளவு 64 அங்குலம், நீளம் 10 அடி. வியாபாரி 17.8 கன அடின்னு சொல்றார்.

அவர் போட்டது கால் சுற்றளவுக் கணக்கு: 64-இல் கால் 16 அங்குலம், அதை அடியாக்கி வர்க்கம், பெருக்கல் நீளம். உண்மையான உருளைக் கணக்கில் 22.6 வரும்.

ஊத்தங்கரை: அப்போ 5 கன அடி திருட்டுதானே!

திருட்டு இல்லை. அந்தக் கணக்கு எப்போதும் 78.5 சதவீதம்தான் காட்டும். அறுக்கும்போது போகும் பக்கச் சிலாம்புக்கென்று கழிக்கிற பழைய வழக்கம். விலையும் அந்த அளவுக்கே பேசியிருந்தால் நஷ்டமில்லை.

அரூர்: பக்கத்து ஊர்க்காரர் முழு அளவுக்கு வித்திருக்காரே?

அவருடைய கன அடி விலை என்ன என்று கேட்டீர்களா? அளவு முறை தெரியாமல் விலையை ஒப்பிடவே கூடாது. உங்கள் கவனம் டேப் எங்கே சுற்றுகிறது என்பதில் இருக்கட்டும். நடுமரத்தில் 64 இருக்க, நுனிப்பக்கம் பிடித்து 60 என்று எழுதினால் 17.8 என்பது 15.6 ஆகிவிடும். பேரம் எதுவும் பேசாமலே 2 கன அடி போகும்.

காரிமங்கலம்: ரவுண்டு தொட்டி, 6 அடி அகலம். எத்தனை லிட்டர்?

மேலே ஊத்தங்கரைக்குச் சொன்னதைப் படியுங்கள். உயரமும் சொல்லவில்லை, உள்ளளவா என்றும் சொல்லவில்லை. இரண்டையும் அளந்துகொண்டு வாருங்கள். விட்டத்தைப் பாதியாக்குங்கள்!