ஹார்னி கவுண்டி: கடலைக் காணாத ஆறுகளின் நாடு (கேள்வி பதில்)

கேள்வி: அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலேயே பரப்பில் பெரிய கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) ஹார்னி. அங்கே மக்கள் ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் 7,495 பேர். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் பர்ன்ஸ், ஹைன்ஸ் என்னும் அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் வாழ்கின்றனர். நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கூட்டாட்சி அரசுக்குரியது என்பது ஒரு காரணம். ஆனால் முதற்காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறைதான் என்பேன்.

கேள்வி: அங்குள்ள ஆறுகள் கடலுக்குப் போவதில்லையாமே?

பதில்: ஹார்னி வடிநிலத்து ஆறுகள், அதாவது கவுண்டியின் நடுவே நீர் வந்து தேங்கும் தாழ்நிலத்தின் ஆறுகள், போவதில்லை. வடக்கு மலைகளிலிருந்து சில்வீஸ் ஆறும், தெற்கே ஸ்டீன்ஸ் மலையிலிருந்து டானர் உண்ட் பிளிட்சன் ஆறும் பனியுருகு நீரைக் கொண்டுவந்து மல்ஹியூர் ஏரியில் சேர்க்கின்றன. அது நிரம்பினால் மேற்கேயுள்ள ஹார்னி ஏரிக்கு வழியும். அதற்கு வடிகாலே இல்லாததால் நீர் ஆவியாகி உப்பு எஞ்சுகிறது. வறண்ட ஆண்டுகளில் வெண்திட்டாகச் சுருங்கும் இந்த ஏரிகள், 1980களின் நடுவில் ஒன்றோடொன்று கலந்து பண்ணைகளை மூழ்கடித்தன.

கேள்வி: ஸ்டீன்ஸ் மலைக்குக் கிழக்கே பாலைவனம் உண்டா?

பதில்: உண்டு, ஆல்வர்ட் பாலைவனம். 2,967 மீட்டர் உயரமுள்ள அம்மலை மேற்கே மெல்லச் சரிந்து, கிழக்கே 1,600 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களை மலை தடுத்துவிடுவதால் மறுபுறம் வறண்டுவிடுகிறது; மழை மறைவுப் பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கேள்வி: அங்கே முதலில் வாழ்ந்தவர்கள் யார்?

பதில்: வடக்குப் பையூட் மக்களில் வாடாடிகா எனப்படும் பிரிவினர். ஏரிக்கரை உவர்மண்ணில் வளரும் வாடா செடியின் சின்னஞ்சிறு விதைகளைச் சேர்த்து உணவாக்கியவர்கள். இவர்களுக்காக 1872இல் மல்ஹியூர் ஒதுக்கிடம் அமைக்கப்பட்டது. பானாக் பழங்குடியினரும் பையூட் மக்களில் சிலரும் அமெரிக்கப் படையோடு மோதிய 1878 பானாக் போருக்குப் பின், போரில் பங்கேற்காதவர்களும் உட்படப் பலர், 1879 குளிர்காலத்தில் பனியினூடே வாஷிங்டன் பகுதியின் யாகமா ஒதுக்கிடத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ஒதுக்கிட நிலமோ குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் திரும்பி வந்தோரின் வழியினர், பர்ன்ஸ் பையூட் பழங்குடியினர் என 1968இல் அரசின் ஏற்பைப் பெற்றனர்.

கேள்வி: 2016இல் துப்பாக்கியேந்தியவர்கள் பறவைகள் சரணாலயத்தைப் பிடித்தது உள்ளூர்க் கிளர்ச்சியா?

பதில்: முழுவதும் அப்படிச் சொல்ல இயலாது. 1908இல் நிறுவப்பட்ட மல்ஹியூர் சரணாலயத்தின் அலுவலகத்தை 41 நாள்கள் ஆக்கிரமித்தவர்களின் தலைவர்கள் வெளியூர்க்காரர்கள். கூட்டாட்சி நில நிர்வாகத்தின் மீது பண்ணையாளர்களுக்குக் குறைகள் இருந்தது உண்மை. ஆனாலும் உள்ளூரில் பலர் அந்த வழியை ஏற்கவில்லை. ‘நிலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்’ என்ற முழக்கத்தைப் பையூட் மக்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை முந்தைய பதிலிலிருந்து ஊகிக்கலாம்.

கேள்வி: தொலைவிலுள்ள பண்ணைகளின் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்?

பதில்: கிரேன் என்ற சிற்றூரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் விடுதி உண்டு. பள்ளி நாள்களில் அங்கே தங்கி, வார இறுதியில் வீடு திரும்புவார்கள்.

கேள்வி: இன்றைய பெரிய சிக்கல் எது?

பதில்: நிலத்தடி நீர். மாட்டுத் தீவனத்துக்கான குதிரைமசால் பயிருக்கு ஆழ்கிணறுகளிலிருந்து இறைக்கப்படும் நீர், ஆண்டுதோறும் ஊறிச் சேர்வதைவிட அதிகம். வடிநிலத்தின் பல இடங்களில் நீர்மட்டம் இறங்கி வீட்டுக் கிணறுகளும் பாதிக்கப்பட்டுள்ளன. இறைப்பைக் குறைத்தால் பண்ணை வருமானம் விழும். குறைக்காவிட்டால் கிணறும் ஊற்றும் வற்றும். யார், எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சர்ச்சை.