பி3எச்டி சோலார் செல்லின் திறன் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை, பாலிமரை மாற்றலாமா?

பினாங்கில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக பி3எச்டி என்ற பாலிமர், அதிலிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பிசிபிஎம் என்ற கார்பன் பொருள் இரண்டையும் கரைத்துப் பூசி ஆர்கானிக் சோலார் செல் செய்வதாகவும், திறன் 2 சதவீதத்திலேயே நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாலிமரை இப்போது மாற்ற வேண்டாம் தம்பி. இதே கலவையில் 2005-லேயே 4 முதல் 5 சதவீதம் வரை எடுத்துவிட்டார்கள்.

முதலில் திறனை விட்டுவிட்டு, அது எந்த மூன்று எண்களிலிருந்து வருகிறது என்று பாருங்கள். நன்றாக அமைந்த செல்லில் மின்னழுத்தம் 0.6 வோல்ட், மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியர், ஃபில் ஃபேக்டர் (இந்த இரண்டின் பெருக்கத்தில் உண்மையில் கைக்கு வரும் பங்கு) 65 சதவீதம். பெருக்கினால் திறன் 3.9 சதவீதம் வந்துவிடும். உங்களுக்கு வோல்ட் சரியாக இருந்து மற்ற இரண்டும் அடிவாங்கியிருந்தால், முதல் சந்தேகம் ஃபிலிம் காய்ந்த விதத்தின் மேல்தான் வர வேண்டும்.

ஒளி பட்டதும் பாலிமரில் பிறக்கும் எக்ஸிடான் (எலக்ட்ரானும் அது விட்ட காலியிடமும் ஒட்டிக்கொண்ட ஜோடி) சுமார் 10 நானோமீட்டர் போவதற்குள் மறைந்துவிடும். அதற்குள் பிசிபிஎம் எட்ட வேண்டும். பிரிந்த மின்சுமைகள் வெளியேற இரண்டு பொருளிலும் அறுபடாத பாதையும் வேண்டும். ரொம்பக் கலந்தாலும் கெடும், ரொம்பப் பிரிந்தாலும் கெடும். இதைத் தீர்மானிப்பது கரைப்பான் காயும் வேகம். குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிப்பது, ஸ்பின்னரில் சுழற்றிப் பூசும்போதே பறந்துவிடும், பாலிமர் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காது. டைக்குளோரோபென்சீன் 180 டிகிரிக்காரர். அதில் கரைத்துப் பூசுங்கள். ஃபிலிம் ஈரமாக இருக்கும்போதே ஸ்பின்னரை நிறுத்தி, பெட்ரி தட்டால் மூடி வையுங்கள். ஆரஞ்சு நிறம் மெல்ல மெல்ல அடர் ஊதாவாக மாறும். சங்கிலிகள் சீராக அடுக்கிக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அப்புறம் 110 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினால் போதும்.

நம் ஊர் ஈரக்காற்றையும் கணக்கில் எடுங்கள். அடியில் பூசும் பெடாட் என்ற மின்கடத்தும் பாலிமர் அடுக்கு தண்ணீரை உறிஞ்சும். மழை கொட்டும் மதியத்தில் அதை மேசைமேல் ஆறவிடாதீர்கள், ஹாட் பிளேட்டிலிருந்து எடுத்த சூட்டோடு ஈரக்காற்று புகாத குளோவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள்.

புதிய பாலிமரான பிஎம்6, பிசிபிஎம் இடத்தில் வரும் ஒய்6, இந்த ஜோடி 2019-ல் 15.7 சதவீதம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அதிலும் குளோரோஃபார்மோடு மெதுவாக ஆவியாகும் குளோரோநாஃப்தலீன் அரை சதவீதம் சேர்த்து, காய்வதைத்தான் கட்டுப்படுத்தினார்கள். பி3எச்டியில் இது கைவந்த பிறகு அங்கே போங்கள். ஒரு ஃபிலிமை மூடி வைத்து, இன்னொன்றைத் திறந்தே காயவிட்டு, இரண்டின் ஃபில் ஃபேக்டரையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.