பாலைவனத்தில் பிறந்த கடல் பாட்டு

கேள்வி: 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் கிறிஸ்டீன் அனு பாடிய ‘மை ஐலண்ட் ஹோம்’ அவருடைய சொந்தப் பாட்டா? ஆஸ்திரேலியாவைத்தான் அதில் தீவு என்கிறார்களா?

பதில்: இரண்டுமே இல்லை. அது வாரும்பி பேண்ட் என்ற ராக் குழுவின் பாட்டு. 1987இல் அவர்களுடைய ‘கோ புஷ்’ ஆல்பத்தில் வந்தது. குழுவின் ஊர் பப்புன்யா. ஆஸ்திரேலியாவின் நடுவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி, செம்மண் பாலைவனத்துக்குள் இருக்கிறது. பக்கத்தில் பூர்வகுடிகள் புனிதமாகக் கருதும் தேன் எறும்புத் தலம் ஒன்றின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஊரில் கடல் பாட்டு எப்படி வந்தது? குழுவின் பாடகர் புரார்வங்கா உள்ளூர்க்காரர் அல்ல. நாட்டின் வடகோடியில், அர்ன்ஹம் லேண்ட் கரையை ஒட்டிய எல்கோ தீவைச் சேர்ந்த யோல்ங்கு என்ற பூர்வகுடி இனத்தவர். (இறந்தவரின் முதற்பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பது அம்மக்களின் வழக்கம். நானும் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.) பப்புன்யாவைச் சேர்ந்த புட்சர் சகோதரர்களும் விக்டோரியாவிலிருந்து வந்த வெள்ளைக்காரரான நீல் மர்ரேயும் அவருடன் சேர்ந்து 1980 வாக்கில் வாசிக்கத் தொடங்கினார்கள். கடலை விட்டு வந்து வருஷக்கணக்காகப் பாலைவனத்தில் கிடக்கும் அந்த நண்பனுக்காக மர்ரே எழுதிய பாட்டு இது. அதில் வரும் தீவு எல்கோதான். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளின் வம்சாவளியினரான கிறிஸ்டீன் அனு, சில வரிகளை மாற்றி 1995இல் பாடியபோது அது அவருடைய தீவுமாயிற்று. அவர் பாடியதும் எனக்குப் பிடிக்கும். ஆனால் புரார்வங்கா பாடியதைக் கேட்டால்தான் அந்த ஏக்கம் யாருடையது என்று புரியும். 2007இல் அவர் தன் தீவிலேயே காலமானார்.

கேள்வி: இந்தக் குழுவின் பாடல்களில் எதை முதலில் கேட்கலாம்?

பதில்: 1983இல் வந்த ‘ஜெயிலங்குரு பகர்னு’. சிறையிலிருந்து வெளியே வருபவனைப் பற்றிய பாட்டு. லுரிட்ஜா மொழியில் பாடியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழி ஒன்றில் வெளியான முதல் ராக் பாட்டு என்று இதைத்தான் சொல்வார்கள். வானொலியில் ஒலிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் பாடு என்றிருந்த காலத்தில், தன் ஊர்க்காரனுக்குப் புரிந்தால் போதும் என்று பாடிய துணிச்சலை நான் ஒலிம்பிக் மேடையைவிடப் பெரிதாக மதிக்கிறேன். அப்புறம், 1985இல் வந்த முதல் ஆல்பத்தில் உள்ள ‘பிளாக்ஃபெல்லா ஒயிட்ஃபெல்லா’. அடுத்த வருஷம் மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவும் இவர்களும் சேர்ந்து உள்நாட்டுப் பூர்வகுடி ஊர்களுக்குப் போய் வாசித்த சுற்றுப்பயணத்துக்கு அந்தப் பாட்டின் பெயரைத்தான் வைத்தார்கள்.