அலுவலகத்தில் மேனேஜர் குறை சொன்னால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்டவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கு வந்த பிறகும் அதுவே காதில் ஓடுகிறதாம். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருக்கப் பழகிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். அப்படிப் பழகிக்கொண்ட இரண்டு பேரோடு வேலை செய்திருக்கிறேன். அவர்களுக்கு எதுவும் உறைக்காது, நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அவர்கள் ஃபைலையெல்லாம் நாங்கள் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தோம்.

நான் தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிளாக இருந்தவள். அப்போது ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சி.ஏ. படிக்கிறவர்கள் ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்து, கையில் கொஞ்சம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு, தலையில் நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு வேலை கற்றுக்கொள்கிற காலம் அது. வீடு வில்லிவாக்கம். காலையில் சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டிப் பார்க் ஸ்டேஷனுக்குப் போய், தாம்பரம் வண்டி பிடித்து மாம்பலத்தில் இறங்குவேன். அப்புறம் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி ஆபீஸ் போய்ச் சேர வேண்டும்.

2013 செப்டம்பர். வரித் தணிக்கை சீசன். தணிக்கை அறிக்கையை இணையத்தில் ஏற்றியாக வேண்டும் என்று அந்த வருடம்தான் முதன்முதலாக வந்திருந்தது, அதனால் ஆபீஸே பரபரத்துக் கிடந்தது. எனக்கு ஒரு சின்ன கம்பெனியின் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ள வேண்டிய வரி, அந்தப் பகுதியைக் கொடுத்திருந்தார்கள். காண்ட்ராக்டர்களுக்குக் கொடுத்த பணத்தில் சட்டப்படி வரி பிடித்தார்களா என்று பார்க்க வேண்டும். அன்றைய விதி இதுதான்: ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும், தாண்டாவிட்டாலும் ஒரே ஆளுக்கு வருடத்தில் கொடுத்தது 75,000-ஐத் தாண்டினால் பிடிக்க வேண்டும். நான் முதல் பாதியை மட்டும் பார்த்தேன். டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் 30,000-க்கு மேல் உள்ள பில்களை வடிகட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பச்சை மையில் டிக் போட்டு, 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கம்பெனிக்கு ஹவுஸ்கீப்பிங் ஆட்களை அனுப்புகிறவர் மாதம் 9,500 ரூபாய்க்குத்தான் பில் போடுவார். என் வடிகட்டியில் அவர் சிக்கவே இல்லை. பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டினால் 1,14,000. அவர் தனிநபர் என்பதால் பிடிக்க வேண்டிய வரி ஒரு சதவீதம், வெறும் 1,140 ரூபாய். ஆனால் அதைப் பிடிக்கவில்லை என்றால் அன்றைய சட்டப்படி 1,14,000 ரூபாய்ச் செலவையும் செலவே இல்லை என்று வருமான வரித் துறை தள்ளிவிடலாம். கம்பெனிக்குச் சுமார் 35,000 ரூபாய் கூடுதல் வரி. (மறு வருடத்திலிருந்து செலவில் 30 சதவீதத்தை மட்டும் தள்ளினால் போதும் என்று மாற்றினார்கள். அது எனக்கு உதவவில்லை.)

சார் என்னை அவர் அறைக்குக் கூப்பிடவில்லை. ஹாலில், ஆறு பேர் நடுவில், அந்த கம்பெனியின் அக்கவுண்டன்ட்டும் உட்கார்ந்திருக்கும்போது, ஃபைலைத் திறந்து பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, பில்லைப் பார்த்தியா, ஆளைப் பார்த்தியா?"

எனக்குப் புரியவில்லை. புரியாமலேயே "சாரி சார்" என்றேன்.

"எதுக்கு சாரி?" என்றார். அதற்கும் "சாரி சார்" என்றேன். யாரோ சிரித்தார்கள். "ரெண்டாவது வருஷம் முடியப் போகுது, இன்னும் கவனமே இல்லை" என்று ஃபைலை மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். கூட இருந்த ஆர்ட்டிகிள் ஒருத்தி என்னைக் கீழே டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நல்ல பெண், இன்றைக்கும் தோழி. "அவரு எப்பவும் இப்படித்தான்டி. கிளையன்ட் முன்னாடி சீன் போடறாரு. நீ மனசுல வெச்சுக்காத" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு உயிர் வந்தது. ஆமாம், அவர் சீன்தான் போட்டார், நாலு பேர் முன்னால் கேட்டது தப்பு என்று பேசிப் பேசி இரண்டாவது டீயும் குடித்தோம். மேலே வரும்போது என் மனதில் சாரின் குரல் இருந்தது, அவர் ஃபைலைப் போட்ட விதம் இருந்தது, அந்தச் சிரிப்பு இருந்தது. 1,14,000 மட்டும் இல்லை.

விளைவு, அடுத்த வாரம் வேறொரு கம்பெனியின் ஃபைலில் அதே தப்பைச் செய்தேன். குடோனில் சுமை ஏற்றி இறக்க ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர், மாதம் 8,000, வருடத்துக்கு 96,000. திரும்பவும் வடிகட்டி, திரும்பவும் பச்சை டிக். இந்த முறை சார் கத்தவே இல்லை. ஃபைலை என் பக்கம் நகர்த்திவிட்டு வேறு வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதற்கு அவர் கத்தியிருக்கலாம்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்தவர். ஆறுதல் சொல்லத் தெரியாது. தட்டில் கையை வைத்துக்கொண்டே சாயப் பரிசோதனை பற்றிப் பேச ஆரம்பித்தார். வெல்டிங் முடிந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துச் சிவப்புச் சாயம் அடிப்பார்களாம். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு ஸ்ப்ரே. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதற்குள் போன சாயம் வெள்ளையில் கசிந்து சிவப்புக் கோடாக எழும்பும். இன்ஸ்பெக்டர் சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்.

"வட்டம் போட்டா உங்களுக்குக் கோபம் வராதாப்பா?"

"வராம? அந்தாளு அந்தப் பக்கம் போனதும் நல்லாத் திட்டுவோம். திட்டிக்கிட்டே கிரைண்டரை எடுப்போம்."

விரிசல் இருக்கிற இடத்தைத் தேய்த்தெடுக்கிற கிரைண்டரைச் சொன்னார். நான் டீக்கடையில் திட்டினேன், கிரைண்டரை எடுக்கவில்லை. கோபமே வரக்கூடாது என்று உங்களுக்கு யாராவது அறிவுரை சொன்னால் நம்பாதீர்கள். வரும். வருத்தமும் வரும். மாம்பலம் பிளாட்ஃபாரத்தில் துப்பட்டாவால் மூஞ்சியை மூடிக்கொண்டு இரண்டு வண்டியை விட்டவள் நான். அதெல்லாம் தன்பாட்டுக்கு ஓடட்டும், கை மட்டும் வேலையில் இருக்க வேண்டும்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஆடிட் ஆபீஸில் ரிவ்யூ பாயின்ட் என்று ஒன்று உண்டு. சீனியர் ஃபைலைப் பார்த்துவிட்டு 'இந்தத் தாளில் இந்த வரி இடிக்கிறது' என்று எழுதுவார். ஜூனியர் அதற்குப் பதில் எழுதி, ஆதாரம் வைத்து, அந்தப் பாயின்ட்டை மூடுவார். எல்லாப் பாயின்ட்டும் மூடப்படாமல் ஃபைலில் கையெழுத்து விழாது. கம்பெனிகளின் கணக்குக்கு இதைச் செய்கிற நாங்கள், எங்கள் மேல் விழுகிற பேச்சுக்கு மட்டும் ஏன் செய்வதில்லை என்று தோன்றியது. திட்டு வேறு, பாயின்ட் வேறு. நோட்டில் பாயின்ட்டை மட்டும் எழுதினேன். 'ஆறு பேர் முன்னால் கேட்டார்' எழுதவில்லை. 'காண்ட்ராக்டர் வாரியாக வருடக் கூட்டுத்தொகை பார்க்கவில்லை' என்று எழுதினேன்.

முதல் சிக்கல் அங்கேயே வந்தது. 'கவனமே இல்லை' என்பதை எப்படி எழுதுவது? அது பாயின்ட்டே இல்லை, அதை மூட முடியாது. நாளைக்கு நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கவனமாக இருந்தேன் என்பதற்கு என்ன ஆதாரம் வைப்பேன்? நம் மேனேஜர்கள் சொல்கிறதில் பாதி இந்த ரகம்தான். 'இன்வால்வ்மென்ட் பத்தலை', 'இன்னும் கொஞ்சம் நல்லாப் பண்ணியிருக்கலாம்', 'ஓனர்ஷிப் எடுக்கணும்'. ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் தம்பிக்கு அப்ரைசலில் வருவது முழுக்கவே இதுதான். இப்படி வந்தால் எந்த இடம் என்று கேட்டே ஆக வேண்டும்.

கேட்பதில்தான் நமக்குத் தயக்கம். பெரியவர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்று ஆகிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே வளர்ந்திருக்கிறோம். அதனால் வாய் தானாக "சாரி சார்" என்கிறது. அந்தச் சாரி மரியாதை மாதிரித் தெரியும். என் விஷயத்தில் அது பேச்சைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடுவதற்கான வழியாகத்தான் இருந்தது. "எதுக்கு சாரி?" என்று சார் கேட்டது சரியான கேள்வி, அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் கண்டுபிடித்த வழி, அவர் கோபமாக இருக்கும்போது எதுவும் கேட்காமல் ஒரு மணி நேரமாவது கழித்து ஃபைலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போவது. "சார், இதைச் சரி பண்ணிட்டிருக்கேன், எந்த ஷீட்டுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்பது. 'சரி பண்ணிட்டிருக்கேன்' முதலில் வர வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் எதிரே இருப்பவர் பாதி இறங்கிவிடுவார். வெறுமனே 'எந்த ஷீட்டுல சார்?' என்று கேட்டால் அதே வார்த்தை சவால் மாதிரி ஒலிக்கும். அசட்டுத்தனமான நுணுக்கம்தான், ஆனால் வேலை செய்தது. அப்படிப் போய்க் கேட்டபோதுதான் சார் உட்காரச் சொல்லி, படிவம் 26ஏ பற்றிச் சொன்னார். பணம் வாங்கியவர் அந்த வருமானத்தைத் தன் ரிட்டர்னில் காட்டி வரியும் கட்டியிருந்தால், ஒரு ஆடிட்டரின் சான்றிதழோடு அந்தப் படிவத்தைக் கொடுத்துச் செலவைக் காப்பாற்றிவிடலாம். 2012 நிதிச் சட்டத்தில் வந்த வழி அது. வட்டி மட்டும் மாதத்துக்கு ஒரு சதவீதம் கட்ட வேண்டும். ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டரின் வீட்டைக் கோடம்பாக்கத்தில் தேடிப் பிடித்து ரிட்டர்ன் நகல் வாங்கி வந்தேன். வட்டி இருநூறு ரூபாய்கூட வரவில்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே தேதி போட்டு 'மூடியாச்சு' என்று எழுதியபோது இருந்த சந்தோஷம், டீக்கடை ஆறுதலில் கிடைக்கவில்லை.

எல்லாக் குறையும் நியாயமானதா என்று கேட்டால், இல்லை. என் நோட்டில் ஆறில் ஒன்றோ இரண்டோ எனக்குச் சம்பந்தமே இல்லாதவை. வேறு ஆளின் தப்பு, அல்லது சாருக்கு அன்று காலையில் வீட்டில் சண்டை. அதற்கு எதிரே 'பொருந்தாது' என்று எழுதி, ஏன் பொருந்தாது என்று ஒரு வரியும் எழுதுவேன். அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால் பொருந்துகிறது என்று அர்த்தம். இதில் நான் என்னையே இரண்டு மூன்று தடவை பிடித்திருக்கிறேன்.

வேலையை விட்டுவிட்டு உங்கள் உடம்பு, உடை, சாதி, ஊர், உச்சரிப்பு என்று பேச ஆரம்பித்தால் அது விமர்சனக் கணக்கிலேயே வராது, நோட்டில் பாயின்ட்டாக எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். பெண்களுக்குப் பாலியல் ரீதியான தொந்தரவு என்றால் 2013-இல் வந்த சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். என்ன சொன்னார், என்றைக்கு, யார் கூட இருந்தார்கள் என்று அன்றே தேதியோடு எழுதி வையுங்கள்.

அப்புறம் அந்தத் தோழி. அவளைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், அப்படி ஒருத்தி இல்லாவிட்டால் நான் ஆர்ட்டிகிள்ஷிப்பை முடித்திருக்கவே மாட்டேன். பிறகு அவளிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். முதல் டீக்கு அவள் சாரைத் திட்டலாம். இரண்டாவது டீக்கு, "சரி, அவரு சொன்னதுல உண்மை எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். இரண்டாவது டீக்கு நான்தான் காசு கொடுப்பேன். அவளும் தன் முறை வந்தபோது அதே மாதிரி செய்தாள், ஆனால் பலகாரமும் சேர்த்துக் கேட்டாள்.

இப்போது எனக்குக் கீழே நான்கு ஆர்ட்டிகிள்கள். திட்டு வாங்குவதைவிடக் குறை சொல்வது கஷ்டம் என்று இந்தப் பக்கம் வந்த பிறகுதான் தெரிகிறது. ஹாலில் வைத்துக் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன், மற்றபடி நானும் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. போன மாதம் ஒரு ஜி.எஸ்.டி. ஃபைல். மறுநாள் 20-ஆம் தேதி, 3பி என்கிற மாத ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். உள்ளீட்டு வரியை, அதாவது கம்பெனி பொருள் வாங்கும்போது கொடுத்த வரியை, ஜி.எஸ்.டி. தளத்தில் வருகிற 2பி பட்டியலோடு ஒப்பிட்ட தாளில் கூட்டுத்தொகை இடித்தது. சேர்ந்து நாலு மாதம் ஆன பெண்ணைக் கூப்பிட்டு, என் வாயாலேயே, "கவனமே இல்லையாம்மா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிப்போய்விட்டது. அவள் போனதும் என் மேலேயே எனக்கு எரிச்சல்.

ஒரு மணி நேரம் கழித்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். இதை அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

"அக்கா, சரி பண்ணலாம்னு பார்க்கறேன். நீங்க எந்த ஷீட்டைச் சொன்னீங்க?"

இதோ பார் என்று திறந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, இது திங்கக்கிழமை அனுப்பினது. நேத்து ராத்திரியே புதுசு அனுப்பிட்டேன்."