முதல் வெட்டு யாருக்கு?

கேள்வி: நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். எங்கள் டாஷண்ட் நாய், குட்டிமா, அவளுக்கு 9 வயது. உறைபனி ஆரம்பித்ததிலிருந்து ராத்திரியில் நடுங்குகிறாள். முன்னறையில் என் மாமியாரின் காலடியில்தான் படுப்பாள். அங்கே ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து, மூன்று மாதமாக அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். அதனால் குளிர் கொஞ்சம் அதிகம். கடைக் கோட்டு எதுவும் அவள் நீளத்துக்குச் சரிவரவில்லை. கம்பளி மாதிரிக் கதகதப்பான ஃப்ளீஸ் துணி ஒன்றரை மீட்டர் வாங்கிவிட்டேன். கையாலேயே எப்படித் தைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நாய்க்கு 9 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கு என்ன வயது என்று எங்கேயும் இல்லை.

அம்மா, அட்டை வைத்து அடைத்த அந்த அறையில் படுப்பது குட்டிமா மட்டும்தானா? அவள் நடுங்குவது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அவள் யார் காலடியில் படுத்து நடுங்குகிறாளோ அவர் போர்வைக்குள் எப்படி இருக்கிறார் என்று ஒரு ராத்திரியாவது போய்த் தொட்டுப் பார்த்தீர்களா? "எனக்கு ஒண்ணும் குளிரலை" என்று அவர் சொல்லியிருப்பார். என் அம்மாவும் கடைசி வருஷங்களில் அப்படித்தான் சொல்வார். பாதத்தைத் தொட்டால் சில்லென்று கல் மாதிரி இருக்கும். வயதானவர்களுக்குக் குளிர் உறைப்பதே குறைந்துவிடும், நடுக்கமும் முன்போல் வராது. உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. நடுங்காத ஆள் குளிரில்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்றரை மீட்டர் துணி வாங்கக் கடைக்குப் போன கால், கண்ணாடிக் கடைக்குப் போக மூன்று மாதம் போதவில்லையா? உங்கள் கணவரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அவரைப் பெற்றவர்தானே அந்த அறையில் படுத்திருக்கிறார்? வீட்டில் கதகதப்பான அறை எதுவோ அது பெரியவருக்கு. எனக்கு இதில் இரண்டாம் பேச்சு கிடையாது. கண்ணாடி போடும்வரை அவர் கட்டிலை உள்ளறைக்கு மாற்றுங்கள். குட்டிமா தானாகவே பின்னால் போய்விடுவாள். குளிருக்காகக் கரி அடுப்பையோ கங்குச் சட்டியையோ உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மலையில் இருப்பவர்களுக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

சரி, கோட்டுக்கு வருவோம். ஃப்ளீஸ் வாங்கியது நல்ல காரியம். வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம், துவைத்தால் சீக்கிரம் காயும். அந்த அகலத் துணியில் குட்டிமாவுக்கு அரை மீட்டர் தாராளம். மீதி ஒரு மீட்டரை முதலில் வெட்டித் தனியே எடுத்து வையுங்கள். அது உங்கள் மாமியாரின் முழங்காலுக்கும் பாதத்துக்கும். நாய்க்குப் போக மிஞ்சியதை அவருக்குக் கொடுக்காதீர்கள். முதல் வெட்டு அவருக்கு.

குட்டிமாவை நிற்கவைத்து அளவெடுங்கள். கழுத்துப்பட்டை உட்காரும் இடத்தில் ஒரு சுற்று, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சு அகலமாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று, கழுத்தடியிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம்வரை நீளம். தலைவழியாக மாட்டும் சட்டை மாதிரித் தைக்க வேண்டாம். டாஷண்ட் இனத்துக்கு முதுகுத் தண்டில் வட்டு நகர்வது சகஜம், காலை இழுத்து மடக்கி நுழைப்பது ஆகாது. முதுகுத் துண்டு ஒன்று, இரண்டு பக்கமும் விலாவில் பாதிவரை இறங்கட்டும், வாலுக்கு இரண்டங்குலம் முன்னால் நிற்கட்டும். அதன் முன்முனைகள் இரண்டும் நெஞ்சில் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். அப்புறம் வயிற்றுத் துண்டு. குட்டைக் கால் நாய்க்கு வயிறுதான் சிமெண்ட் தரையை உரசும், அதனால் ஒல்லிப் பட்டை போதாது. முன்னங்காலுக்குப் பின்னாலிருந்து கடைசி விலா எலும்புவரை அகலம் வையுங்கள். அதற்குப் பின்னால் போனால் சிறுநீர் படும். ஒரு முனையை முதுகுத் துண்டோடு தைத்துவிடுங்கள், மறுமுனைக்கும் நெஞ்சில் படியும் முனைகளுக்கும் வெல்க்ரோ, அதாவது அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை. சொரசொரப்பான பக்கம் முடியைத் தொடாமல் வெளியே பார்க்கட்டும். பொத்தான், நாடா எதுவும் வேண்டாம், கடித்து விழுங்கிவிடும்.

முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டி அவள்மேல் வைத்துப் பாருங்கள். துணி எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வரவேண்டும். ஓட்டுத் தையல் போட்டால் இழுக்கும்போது அறுந்துவிடும், பின்தையல் போடுங்கள், அதாவது ஒவ்வொரு தடவையும் ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி முன்னால் எடுங்கள். மாட்டிய பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். பகலில் கொஞ்ச நேரம் கழற்றி, அக்குளில் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்தால் உடனே கழற்றுங்கள், ஈரக் கோட்டு கோட்டில்லாததைவிட மோசம். கோட்டு போட்டும், அறை மாறியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் அது குளிர் இல்லை. 9 வயது நாய்க்கு வலியிலும் நடுக்கம் வரும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குட்டிமாவை அளந்த கையோடு, அதே டேப்பை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போங்கள். அட்டையைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். கடையில் சொல்லும்போது இரண்டிலும் 3 மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லுங்கள், அப்போதுதான் சட்டத்தில் இறுகாமல் உட்காரும்.