கனடா மெசினா, இங்கேயே வாங்குவதா?

வெள்ளவத்தை பிளாட்டில் இருந்துகொண்டு சுரிதாரும் பிளவுஸும் நானே தைக்கப் போகிறேன், கனடாவிலிருந்து வரும் சித்தியிடம் தையல் மெசின் கொண்டுவரச் சொல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இங்கேயே வாங்குங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. நேரே பிளக்கில் போட்டால் மோட்டார் கருகிவிடும். டிரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் பெடல் பழுதானால் அதே வோல்ட்டுக்கு இன்னொன்று தேடி அலையவேண்டும்.

மெசினில் உள்ள பூத்தையல் டிசைன்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். நேர்த் தையல், சிக்சாக், பொத்தான் ஓட்டை, இவ்வளவும் போதும். சிக்சாக் இருந்தால் ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெசின் இல்லாமலே ஓரம் பிரியாமல் அடிக்கலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் துணித் துண்டுகளையே கொண்டுபோங்கள்: கொட்டன், டீசேர்ட் துணி, நாலாக மடித்த டெனிம். கடையில் வைத்திருக்கும் விறைப்பான துணியில் எந்த மெசினும் அழகாய்த்தான் தைக்கும். தைத்ததும் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாய் நின்றால் பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோக்கப்படவில்லை. துணியை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தைத் தூக்கிவைத்து மறுபடி கோத்துத் தைக்கச் சொல்லுங்கள். அப்பவும் வளையம் விழுந்தால் அந்த மெசினை விட்டுவிடுங்கள். டீசேர்ட் துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் அது ஊசிப் பிரச்சினையாக இருக்கலாம், அதற்கு நுனி உருண்ட ஊசி வேண்டும். சாதாரண கொட்டனுக்கு 80ஆம் இலக்கம் சரி.

அப்புறம், முதல் சுரிதாருக்குப் புறக்கோட்டையில் விலை குறைந்த கொட்டன் பாருங்கள். வழுக்கும் சட்டின் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். வெட்டமுதல் துணியைத் தோய்த்துக் காயவிடுங்கள், தைத்தபிறகு சுருங்கினால் ஒன்றும் செய்யமுடியாது.